Re: ஆறு வருஷமாகியும் வளர்ச்சியே இல்லை

சகோதரி, ஒவ்வொரு ஜனவரியும் வேதாகமத்தை முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கி மூன்றாவதான லேவியராகமத்தில் நின்றுபோவதாகவும், ஜெபத்தில் ஐந்து நிமிஷத்தில் மனம் அலைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை, திட்டம்தான் பாரமானது. வேதத்தில் 1189 அதிகாரங்கள். ஒரே வருஷத்தில் முடிக்க தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். நாலு நாள் தவறினால் 13 அதிகாரம் பாக்கி நிற்கும், குற்ற உணர்வில் வேதத்தைத் திறக்கவே தயங்குவீர்கள்.

இப்போதைக்கு இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம், தினம் ஒரு அதிகாரம், 16 நாள். தவறிய நாளை ஈடுகட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு வசனத்தில் நின்று முன்னும் பின்னும் பாருங்கள். உதாரணமாக 1:35இல் (முதல் அதிகாரம், 35ஆம் வசனம்) இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போகிறார். முந்தின சாயங்காலம் அவருடைய சீஷனான சீமோனின் வீட்டு வாசலில் பட்டணமே கூடியிருந்தது. பிறகு சீமோன், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். ஜனங்களின் நெருக்கடி அவர் வழியைத் தீர்மானிக்கவில்லை. உங்கள் இன்றைய நாளை எது தீர்மானிக்கிறது? பதிலை ஒரே வரியில், செய்யக்கூடியதாக எழுதுங்கள். "அன்பாயிருப்பேன்" என்பது போதாது. யாரிடம், எப்போது என்று வேண்டும்.

ஜெபத்துக்கு வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகத்தில் 103ஆம் சங்கீதத்தை எடுத்து, ஒரு வசனம் வாசித்து அதையே மெல்லிய குரலில் உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். மௌனமாக ஜெபித்தால்தான் மனம் அதிகம் ஓடும். குறுக்கே வரும் கவலையைத் துரத்தாமல் அதற்காகவே ஜெபியுங்கள்.

உணர்ச்சி வராத நாட்களைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான். சபையில் முதிர்ந்த சகோதரி ஒருவரிடம் வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.