கெர்னல் கேள்வி–பதில்: கார்டு எழுதும்போது பக்கம் நகரக் கூடாது

கேள்வி: வீடியோ கேப்சர் கார்டு ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். பயனர் தரும் பஃபரின் நினைவகப் பக்கங்களை 'கெட் யூசர் பேஜஸ்' மூலம் பிடித்து, டிஎம்ஏ (சிபியு இல்லாமல் கார்டே ராமில் நேரடியாக எழுதுவது) முடிந்ததும் 'புட் பேஜ்' போட்டு விடுகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. 'பின் யூசர் பேஜஸ்'க்கு மாற்றச் சொல்கிறார் என் சீனியர். இரண்டுமே பக்கத்தைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கையான ரெஃப்கவுன்ட்டைத்தானே ஏற்றுகின்றன? பக்கத்தை ராமிலேயே பூட்டி வைக்கும் எம்லாக் போட்டால் போதாதா?

பதில்: சீனியர் சொல்வதைக் கேளுங்கள். ரெஃப்கவுன்ட் ஏறினால் 'இந்தப் பக்கம் யாரிடமோ இருக்கிறது, ஃப்ரீ செய்யாதே' என்பது மட்டும்தான் கெர்னலுக்குப் புரியும். உள்ளே இருக்கும் டேட்டாவில் ஒரு கார்டு கை வைக்கப்போகிறது என்பது புரியாது.

வில்லங்கம் எங்கே வரும் என்றால், பயனர் கொடுத்த பஃபர் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் உள்ள கோப்பை எம்மேப் செய்ததாக (கோப்பையே நினைவகம்போலக் காட்டுவது) இருக்கும்போது. கோப்பு முறைமை அந்தப் பக்கத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு, 'சுத்தம்' என்று குறித்து, எழுதும் அனுமதியையும் எடுத்துவிடும். அப்புறம் சிபியு எழுத வந்தால் பேஜ் ஃபால்ட் (அனுமதி இல்லை என்ற தடங்கல்) ஆகி, கோப்பு முறைமைக்குச் சேதி போகும். கார்டுக்கு ஏது பேஜ் ஃபால்ட்? அது பாட்டுக்கு எழுதும். வேலை முடிந்து உங்கள் டிரைவர் 'டர்ட்டி' (மாறிவிட்டது, டிஸ்க்கில் எழுத வேண்டும்) என்று குறிக்கும்போது, அதை எதிர்பார்க்காத கோப்பு முறைமை கெர்னலையே கவிழ்த்ததுண்டு.

'பின் யூசர் பேஜஸ்' 2020இல், 5.6 கெர்னலில் வந்தது. சாதாரணப் பக்கத்தைப் பின் செய்தால் ரெஃப்கவுன்ட் ஒன்று அல்ல, 1024 ஏறும். எண் அவ்வளவு பெரிதாக இருந்தால் 'டிஎம்ஏ நடக்கலாம்' என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். சோதிக்கும் ஃபங்ஷனின் பெயரிலேயே 'மேபி' இருக்கிறது. சும்மா 1024 முறை பிடித்த பக்கமும் பின் ஆனதாகத் தெரியும். பாதகமில்லை, பின் ஆனதை ஆகவில்லை என்று சொல்லாதவரை.

ஆகவே பின் போட்டதை 'அன்பின்' கொண்டுதான் விட வேண்டும். பழக்க தோஷத்தில் 'புட் பேஜ்' போட்டால் ஒன்றுதான் இறங்கும். 1023 பாக்கி நிற்கும், அந்தப் பக்கம் திரும்பி வராது. கார்டு சும்மா இருக்கும்போது கெர்னலின் நினைவகப் புள்ளிவிவரமான விஎம்ஸ்டாட்டில் 'பின்' போட்ட எண்ணும் விட்ட எண்ணும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்லாக் வேறு சங்கதி. பஸ்ஸிலிருந்து இறக்கிவிட மாட்டார்கள், ஆனால் கண்டக்டர் வேறு சீட்டுக்கு மாறச் சொல்லலாம்: பக்கம் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போகாது, ஆனால் காலி இடத்தை ஒன்றுசேர்க்கும் கம்பாக்‌ஷன் வந்தால் ராமில் இடம் மாறும். கார்டு கையிலோ பழைய முகவரி. அங்கே இப்போது வேறொருவர் டேட்டா.

ஒரு ஃபிரேமுக்குப் பிடித்து உடனே விடுவதானால் சாதாரணப் பின் போதும். எப்போது விடுவது என்பது பயனர் நிரல் கையில் இருந்தால் 'லாங்டேர்ம்' கொடி கட்டாயம். அப்போதுதான் மூவபிள் ஸோனிலும் சிஎம்ஏவிலும் (இரண்டும் பக்கங்கள் நகரக்கூடியதாக இருக்க வேண்டிய நினைவகப் பகுதிகள்) இருக்கும் பக்கங்களைக் கெர்னல் முதலில் வெளியே நகர்த்திவிட்டுப் பின் செய்யும். எக்ஸ்ட்4 போன்ற கோப்புப் பக்கங்களை எழுதுவதற்காக இப்படிப் பிடிக்கக் கேட்டால், புதிய கெர்னல்கள் மறுத்துவிடும். நல்லதுதான்.

கேள்வி: அதே டிரைவரில் 'அக்கவுன்ட் லாக்ட் விஎம்' (பிடித்த பக்கங்களைப் பயனரின் வரம்பில் கணக்கு வைப்பது) சேர்த்தேன். 1920×1080 ஒய்யுஒய்வி (பிக்சலுக்கு 2 பைட்) பஃபர்கள் இரண்டு பதிவாகின்றன, மூன்றாவதற்கு ஈநோமெம் (நினைவகம் இல்லை என்ற பிழை). ரூட்டாக ஓட்டினால் நான்கும் போகிறது. ராம் 16 ஜிபி இருக்கிறதே?

பதில்: ராம் தாராளம், உங்கள் வரம்புதான் குறைவு. ஒரு ஃபிரேம் 41,47,200 பைட், அதாவது 4096 பைட் பக்கங்கள் 1013. இரண்டுக்கு 2026. மெம்லாக் வரம்பு (ஒரு நிரல் பூட்டி வைக்கக்கூடிய நினைவகம்) 8 எம்பி என்றால் மொத்தமே 2048 பக்கம், மூன்றாவதுக்கு இடமேது? (5.16க்கு முன் கெர்னலின் இயல்பு வரம்பு வெறும் 64 கேபி, முதல் பஃபரே போயிருக்காது.) ரூட்டுக்கு ஐபிசி லாக் உரிமை இருப்பதால் வரம்பு பொருட்டில்லை. 'யுலிமிட் -எல்' பார்த்து, தேவையான அளவு உயர்த்துங்கள். கணக்கு வைக்கும் வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பின் யூசர் பேஜஸ் தானாக அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால், பயனர் பஃபரே வேண்டாம். வீடியோ டிரைவர்களுக்கான கெர்னல் நூலகமான வீடியோபஃப்2வில் டிரைவரே டிஎம்ஏ நினைவகத்தை ஒதுக்கி, பயனருக்கு எம்மேப் செய்து கொடுக்க வழி இருக்கிறது. பின்னும் வேண்டாம், அன்பின்னும் வேண்டாம்.