எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) வாங்கும் முன் சாக்கடையை அளந்து பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பேரூராட்சியில் கவுன்சிலராக இருக்கிறேன். மக்கள் சுமார் 20,000 பேர். எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க்தான். தெருச் சாக்கடை தென்பெண்ணையில் போய் விழுகிறது. சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஒரு கம்பெனி எஸ்.பி.ஆர். முறையைச் சொல்கிறது, இன்னொன்று எம்.பி.பி.ஆர். முறையைச் சொல்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன். இரண்டிலும் குறை இல்லை. காற்றை ஊதிப் பாக்டீரியாவை வளர்த்து, அதைக்கொண்டு அழுக்கைத் தின்ன வைக்கும் நல்ல முறைகள். ஆனால் அவை பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஏற்றவை. உங்கள் ஊரில் அது இல்லை. போடலாம் என்றால், நம் பக்கத்தில் நாலடி தோண்டுவதற்குள் பாறை தட்டும் தெருக்கள் எத்தனை என்று போர்வெல்காரரைக் கேட்டாலே தெரியும்.

கம்பெனிக்காரர்கள் போடும் கணக்கு இது: ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகும், ஆக நாளுக்கு 21.6 லட்சம் லிட்டர். அந்த 135 என்பது பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கான அளவு. இல்லாத ஊருக்கு மத்திய அரசின் வழிகாட்டி நூல் வைப்பது 70 லிட்டர்தான். அப்படிப் பார்த்தால் 11.2 லட்சம். கணக்கிலேயே பாதிதான் வருகிறது. பெரிதாகக் கட்டிவிட்டால் பாக்டீரியாவுக்குப் போதிய தீனி கிடைக்காது, ஆனால் காற்றை ஊதும் ப்ளோயர் ஓடிக்கொண்டே இருக்கும். 10 லட்சம் லிட்டரைச் சுத்தம் செய்ய நாளுக்கு 150 யூனிட்டுக்கு மேல் கரண்ட் வேண்டும். பில் கட்ட முடியாமல் ஊதுவதை நிறுத்தினால், ஓரிரு நாளில் தொட்டி நாறும்.

தெருச் சாக்கடையையே மறித்து நிலையத்துக்குத் திருப்பிவிடலாமே என்பீர்கள். ஒரு நல்ல மழை போதும், வளர்த்த பாக்டீரியா மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் ஊரில் நிஜமான ஆபத்து செப்டிக் டேங்க் கசடுதான். லாரி அதை உறிஞ்சி எங்கே கொட்டுகிறது என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். வீடு 4,000 என்று வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு 3,000 லிட்டர் எடுத்தால், ஆண்டுக்கு 300 வேலை நாளில் நாளுக்குச் சுமார் 13,000 லிட்டர்தான் வரும். நாலைந்து லாரி லோடு, அவ்வளவே. இதற்கு மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்த்தும் படுகைகள் போதும். நம் வெயில் இலவசம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் இப்படித்தான் கசடு நிலையம் நடத்துகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் தேவனஹள்ளியிலும் 2015 முதல் இருக்கிறது. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். காய்ந்த கசடை அப்படியே கீரைப் பாத்தியில் போட்டுவிடக் கூடாது. குப்பையோடு சேர்த்து மக்கவைத்து, அந்தச் சூட்டில் புழு முட்டைகள் சாகவேண்டும்.

தெருச் சாக்கடைக்கு, ஆற்றில் விழும் முன் அடுத்தடுத்து மூன்று குளங்கள் போதும். முதல் குளத்தில் வண்டல் தங்கும், நடுவில் பாசி ஆக்சிஜன் கொடுக்கும், கடைசியில் வெயில் கிருமியைக் கொல்லும். மோட்டார் எதுவும் வேண்டாம். ஆனால் 10 லட்சம் லிட்டருக்கு 2 முதல் 5 ஏக்கர் வரை இடம் பிடிக்கும். எஸ்.பி.ஆர். என்றால் அரை ஏக்கருக்குள் முடியும். ஓசூர் மாதிரி மனை விலை விற்கும் ஊரில் நானும் எஸ்.பி.ஆர்.தான் சொல்வேன். உங்களுக்குப் புறம்போக்கு இருக்கிறதா என்று முதலில் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். (ஓசூர் பக்கம் இதே தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையின் நுரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், பெங்களூருவைத் திட்டுகிறோம். திட்டுவோம். ஆனால் ஆற்றில் நம் ஊர் சேர்ப்பதை யாரும் அளப்பதில்லை.)

ஒரு எச்சரிக்கை. மாம்பழக்கூழ் ஆலைத் தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் ஊர்ச் சாக்கடையில் விடாதீர்கள். புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த அந்தத் தண்ணீர் சீசன் தொடங்கிய சில நாளிலேயே குளத்தை அழுகவைத்துவிடும். ஆலைக்காரர்கள் அதைத் தனியாகச் சுத்திகரித்தே ஆகவேண்டும்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாக்கடை வாயில் 90 டிகிரி 'வி' வெட்டிய தகடு ஒன்றை நிறுத்துங்கள், வெல்டிங் பட்டறையிலேயே செய்து தருவார்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் 10 செ.மீ. நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் போகிறது என்று அர்த்தம். நாள் முழுக்க அப்படியே ஓடினால் 3.8 லட்சம் லிட்டர். தகட்டுக்குக் கொஞ்சம் மேலே தள்ளி ஒரு ஸ்கேலை நட்டு, மணிக்கு ஒருமுறை, ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு விலை கேளுங்கள்.