லாயர் இருக்காரு என்றால் எந்த நாட்டு லாயர்? பெங்களூர் வாசகர்களின் விசா கேள்விகள்

கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) போட நினைக்கிறேன். ரெசிடென்சி ரோட்டில் ஒரு கன்சல்டன்சி ஒன்றேமுக்கால் லட்சம் கேட்கிறது. "எங்ககிட்டயே லாயர் இருக்காரு சார்" என்கிறார்கள். நம்பலாமா? இல்லை, பெங்களூரிலேயே நல்ல இமிக்ரேஷன் வக்கீல் யாராவது உண்டா?
(மாரத்தஹள்ளி வாசகர்)

எந்த நாட்டு லாயர் என்று முதலில் கேளுங்கள். கர்நாடக பார் கவுன்சிலில் பதிவான வக்கீல் ஹைகோர்ட்டில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் உங்கள் பிரதிநிதியாக நிற்க அவருக்கு உரிமை கிடையாது. கனடாவின் ஏதாவதொரு மாகாண சட்டச் சங்கத்தில் உறுப்பினரான வக்கீல் நிற்கலாம், கியூபெக் நோட்டரி நிற்கலாம், ஆர்.சி.ஐ.சி. என்ற கனடா இமிக்ரேஷன் கன்சல்டன்ட் லைசென்ஸ் உள்ளவர் நிற்கலாம். பெங்களூரில் பெரும்பாலும் உங்களுக்கு அகப்படுவது இந்தக் கடைசி வகைதான். அதில் தப்பில்லை, லைசென்ஸ் உண்மையாக இருந்தால்.

லைசென்ஸ் எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கத்தில் முடியும். அதைக் கேட்டு வாங்கி, 2021 நவம்பரில் இருந்து இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் 'காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்' அமைப்பின் பொதுப் பதிவேட்டில் போடுங்கள். அந்த நபர் இப்போதும் தொழில் செய்யத் தகுதியோடு இருக்கிறாரா, சஸ்பென்ட் ஆகியிருக்கிறாரா என்பது தெரியும். எந்த கம்பெனியோடு இருக்கிறார் என்பதையும் பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சர்டிபிகேட் வேறு யாருடையதாகவோ இருப்பது ரொம்ப சகஜம். பிறகு அவரோடு வீடியோ காலில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். "சார் இன்னொரு கால்ல இருக்காரு" என்று டெலிகாலரே மூன்று தடவை சொன்னால் எழுந்து வந்துவிடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான், கிளை மேனேஜர் அல்ல.

பணம் கட்டிய பிறகும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பிரதிநிதி வைத்திருக்கிறோம் என்று கனடா அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் ஐ.எம்.எம். 5476. அதில் கையெழுத்துக் கேட்காமலே வேலை நடக்கிறது என்றால், நீங்களே போட்ட விண்ணப்பம் மாதிரி உங்கள் பெயரில், அவர்கள் திறந்த ஜிமெயிலை வைத்துக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது அரசு அனுப்பும் கடிதம் எதுவும் உங்கள் கண்ணில் படாது. பாயின்ட் பார்த்து பி.ஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அதுகூட அவர்கள் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். அனுபவக் கடிதத்தில் அவர்கள் எதையாவது 'சேர்த்து' அனுப்பினாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 வருடத் தடை.

"ஜாப் ஆஃபர் வாங்கித் தர்றோம், 50 பாயின்ட் ஏறும்" என்று இன்னமும் விற்கிறார்கள். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஜாப் ஆஃபருக்குக் கூடுதல் பாயின்ட்டே கிடையாது. இல்லாத பாயின்ட்டுக்குப் பல லட்சம்!

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: டிகிரி, ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு), டிகிரி மதிப்பீடு, ஒழுங்கான அனுபவக் கடிதங்கள் எல்லாம் கையில் இருக்கும் சாஃப்ட்வேர் ஆளுக்குப் பிரதிநிதியே தேவையில்லை. ஐ.டி. ரிட்டர்ன் ஃபைல் பண்ணத் தெரிந்தவர் இதையும் பண்ணலாம். முன்பு ஒரு முறை நிராகரிப்பு, போலீஸ் கேஸ், விவாகரத்தான பிறகு குழந்தை யாரிடம் என்ற சிக்கல், மருத்துவக் காரணம் இதில் ஏதாவது இருந்தால் மட்டும் செலவு செய்யுங்கள்.

"விசா கிடைச்சா மட்டும் ஃபீஸ் குடுங்க" என்கிறார் ஒரு வக்கீல். நமக்கு நல்லதுதானே?
(அல்சூர்)

இல்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. விளம்பரம் செய்யவும் வக்கீல்களுக்குத் தடை உண்டு. அதனால் மெட்ரோ தூணில் 'நம்பர் ஒன் விசா லாயர்' என்று பேனர் தொங்கினால், ஒன்று அவர் வக்கீல் இல்லை, அல்லது விதியை மதிக்காத வக்கீல். கர்நாடகத்தில் பதிவானவரின் எண் 'கே.ஏ.ஆர்.' என்று தொடங்கி, எண், வருடம் என்று முடியும். கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும்.

என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் 'முருகன்' மட்டும்தான், சர்நேம் காலி. மார்க் ஷீட்டில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா'. விசாவுக்குப் பிரச்சினை வருமா?
(கே.ஆர். புரம்)

கன்னடக்காரர், மலையாளி, தெலுங்கர் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வரும் தலைவலி இது. இனிஷியலோடு வளர்ந்த நமக்குத்தான் முழுசாக வரும்.

உங்கள் பாஸ்போர்ட் இப்படியே இருந்தால் அமெரிக்க விசாவில் 'முருகன்' சர்நேமாக ஏறும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போன பிறகு பாங்க், டிரைவிங் லைசென்ஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் 'ஃப்னு முருகன்' ஆகிவிடுவீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் இன்னும் கறார். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது விவரப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள்.

செய்ய வேண்டிய வரிசை இதுதான். ஆதாரையும் பான் கார்டையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு அப்பா பெயரை சர்நேமில் ஏற்றி பாஸ்போர்ட் ரீ-இஷ்யூ போடுங்கள்; 36 பக்கத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலே 2,000. ஐ.இ.எல்.டி.எஸ். பதிவு அதற்கப்புறம், ஏனென்றால் அதில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் வரும். மார்க் ஷீட்டை மாற்ற அலைய வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று இ-ஸ்டாம்ப் தாளில் ஒரு அஃபிடவிட், நோட்டரி கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 'சுப்பையா'வில் ஒரு 'பி'யா இரண்டு 'பி'யா என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். விண்ணப்பம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பெயர் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சென்னையில் என் கணவரின் எச்-1பி (அமெரிக்க வேலை விசா) இன்டர்வியூவில் 221(ஜி) என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். வெப்சைட்டில் 'ரெஃப்யூஸ்டு' என்று காட்டுகிறது. வக்கீல் வைக்கணுமா?
(கோரமங்களா)

பதற வேண்டாம். பேப்பரோ பரிசோதனையோ பாக்கி என்று நிறுத்தி வைப்பதுதான் 221(ஜி). அதைப் போட்டாலே அந்த சைட் 'ரெஃப்யூஸ்டு' என்றுதான் காட்டும். சீட்டைப் பாருங்கள்: ஏதாவது பேப்பர் கேட்டு டிக் அடித்திருக்கிறார்களா, இல்லை கூடுதல் பரிசோதனை என்று மட்டும் இருக்கிறதா? பேப்பர் கேட்டிருந்தால், அதில் சொன்ன வழியிலேயே அனுப்புங்கள். ஒரு வருடத்துக்குள் கொடுக்காவிட்டால் திரும்ப ஃபீஸ் கட்டிப் புதிதாகப் போட வேண்டும். பரிசோதனை என்றால் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. அதைச் 'சீக்கிரம் முடிச்சுத் தர்றோம்' என்பவர்கள் பணம் வாங்குவதைத் தவிர எதுவும் செய்யமாட்டார்கள்.

கம்பெனியின் அட்டர்னி இருப்பாரே, முதலில் அவருக்கு மெயில் போடச் சொல்லுங்கள். ஆனால் அவருக்கு ஃபீஸ் கொடுப்பது கம்பெனி. கணவருக்கும் கம்பெனிக்கும் நலன் வேறுபடும் கட்டம் வந்தால் தனி அட்டர்னி தேவை. இமிக்ரேஷன் அங்கே மத்தியச் சட்டம் என்பதால் எந்த மாநிலத்தில் லைசென்ஸ் பெற்றவரும் பார்க்கலாம்; அந்த மாநில பார் சைட்டில் பெயரைப் போட்டுச் சரிபாருங்கள். வீட்டருகே இருப்பவர்தான் வேண்டும் என்பதில்லை, வீடியோ கால் போதும். அடுத்த முறை டி.எஸ்-160 படிவத்தில் 'விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆமாம் என்று போட்டு, 221(ஜி) என்று ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

பெங்களூரிலேயே இன்டர்வியூ நடக்காதா என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் இங்கே அமெரிக்கத் துணைத் தூதரகம் திறந்தபோது விசா பிரிவு இல்லாமல்தான் திறந்தது.

படித்தது கோயம்புத்தூர், இருப்பது பெங்களூர், பாஸ்போர்ட் முகவரி சேலம். அப்போஸ்டிலும் (வெளிநாட்டில் சான்றிதழ் செல்ல வைக்கும் முத்திரை) பி.சி.சி.யும் (போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்) எங்கே வாங்குவது?
(ஒயிட்ஃபீல்ட்)

சான்றிதழ் எந்த மாநிலம் கொடுத்ததோ அந்த மாநிலம்தான் முதல் முத்திரை போடும். உங்கள் டிகிரிக்குத் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை. விதான சௌதாவைச் சுற்றி வந்து பயனில்லை. அதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அந்தக் கட்டம் பெங்களூரிலேயே முடியும், அமைச்சகம் நியமித்த ஏஜென்சி வழியாக. அமைச்சகத்தின் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய்தான், மேலே போவது ஏஜென்சியின் சேவைக் கட்டணம். ரசீதில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பி.சி.சி. பாஸ்போர்ட் சேவா வழியாக, 500 ரூபாய். லால்பாக் ரோடு அல்லது மாரத்தஹள்ளி கேந்திரத்தில் ஸ்லாட் எடுங்கள். தற்போதைய முகவரி ஆதாரம் கையில் இருக்கட்டும், விசாரணை அந்த ஏரியா ஸ்டேஷனுக்குத்தான் வரும். உள்ளூர் போலீஸ் தனியாகக் கொடுக்கும் சான்றிதழும் உண்டு. வீட்டு ஓனருக்கோ கம்பெனிக்கோ அது போதும், கனடாவுக்குப் போதாது.

தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை நானே மொழிபெயர்க்கலாமா?
(இந்திராநகர்)

கனடாவுக்கு நீங்களும் கூடாது, குடும்பத்தார் யாரும் கூடாது. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட் வேண்டும். அமெரிக்காவுக்கு, இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

தம்பிக்கு சவுதியில் டிரைவர் வேலை. பத்தாவது பாஸ் இல்லை. "விசிட் விசாவுல போயிடட்டும், அங்க மாத்திக்கலாம்" என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார்.
(ஸ்ரீராம்புரம்)

அனுப்பாதீர்கள். பத்தாவது முடிக்காதவருக்கு வருவது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அதோடு சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். விசிட் விசா என்று சொல்வதே அந்தக் கிளியரன்ஸைத் தாண்டத்தான். தாண்டிப் போனவருக்குப் பதிவான ஒப்பந்தம் இருக்காது, பிரவாசி பாரதிய பீமா யோஜனாவும் இருக்காது. 2 வருடத்துக்கு 275 ரூபாய், 3 வருடத்துக்கு 375 ரூபாய் கட்டினால் 10 லட்சம் காப்பீடு தரும் திட்டம் அது. சம்பளம் நின்றுபோனால் தூதரகத்தில் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

அரசின் இ-மைகிரேட் போர்ட்டலில் ஏஜென்ட்டின் லைசென்ஸைத் தேடுங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. "லைசென்ஸ் மும்பை ஆபீஸ் பேர்ல இருக்கு, நான் அவங்க ஆளு" என்பவர் சப்-ஏஜென்ட். அந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை. கொடுப்பதையும் கம்பெனி பாங்க் கணக்கில் போடுங்கள், ஜி-பேயில் தனியாள் நம்பருக்கு வேண்டாம். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டிருந்தால் இங்கே உண்மையிலேயே உள்ளூர் வக்கீல் பயன்படுவார்: போலீஸ் புகாரை மோசடியோடு எமிகிரேஷன் சட்டப் பிரிவையும் சேர்த்து எழுத வேண்டும்.

மனைவி மலேசியத் தமிழர். போன மாதம் முருகன் கோயிலில் கல்யாணம். ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர் அட்டை) உடனே போடலாமா?
(மர்ஃபி டவுன்)

கல்யாணத்தை வைத்து என்றால் முடியாது. திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 வருடம் நீடித்திருக்க வேண்டும். கோயில் ரசீதும் ஆல்பமும் பதிவுச் சான்றிதழ் ஆகாது, அதனால் பதிவை இந்த வாரமே பாருங்கள். அதுவரை அவர் என்ட்ரி விசாவில் இருக்கலாம். விசா 180 நாளுக்கு மேற்பட்டதாக இருந்தால், வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேலை முழுக்க ஆன்லைனில்தான்; கூப்பிட்டால் மட்டும் சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் கட்டடத்துக்குப் போனால் போதும்.

பலர் கோட்டைவிடுவது, முன்பு ஃபாரம் சி எனப்பட்ட தங்குமிடப் படிவம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்தில் அதைப் போட வேண்டியது லாட்ஜ்காரர் மட்டும் அல்ல, வீடு கொடுப்பவரும்தான். வாடகை வீடு என்றால் ஓனரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பழைய 1946 வெளிநாட்டவர் சட்டம் போய்ப் புதிய குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. எனவே பழைய சட்டப் பிரிவுகளைச் சொல்லிப் பயமுறுத்தும் ஏஜென்ட்டிடம், இப்போது அது எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.