அயோர்டிக் வால்வு சுருக்கம் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லுமா?

உங்கள் அப்பாவுக்கு 68 வயது. எக்கோவில் (இதய ஸ்கேனில்) அயோர்டிக் வால்வு, அதாவது இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல், நடுத்தர அளவில் சுருங்கியிருப்பதாக வந்திருக்கிறது, தொந்தரவு ஒன்றும் இல்லை என்கிறார். இந்த நிலையில் முழு உடல் பரிசோதனையில் என்டி-புரோ பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை 310 என்று வந்து வீடே கலங்கிப்போயிருக்கிறது. இந்த எண்ணை வைத்து நோய் எப்போது முற்றும் என்று கணிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. அதற்காக அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் மருத்துவர் அல்ல. மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள். என் அம்மாவுக்கும் இதே வால்வு நோய். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் போர் தண்ணீர் வரும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். குழாய்க்குள் உப்புப் படிந்து வழி குறுகக் குறுக, மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் திணறும், சூடாகும். வால்வுதான் அந்தக் குழாய், இதயத்தின் இடது கீழறை மோட்டார். என்டி-புரோ பிஎன்பி காட்டுவது மோட்டாரின் சூட்டை. கீழறைச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது அதன் தசைச் செல்கள் ரத்தத்தில் விடும் பொருள் அது. வால்வில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினும் இந்த நோயில் தசைக்கு ஏற்படும் சேதத்தைத்தான் காட்டுகிறது.

அந்தச் சூட்டுக்கு வால்வு மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வயது ஏறினாலே இந்த அளவு ஏறும். சிறுநீரகம் மந்தமானால் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாக அடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் நன்றாகவே ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்கோ இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டிவிடும். பல ரிப்போர்ட்டுகளில் 75 வயதுக்குக் கீழே 125, அதற்கு மேல் 450 என்று அச்சிட்டிருப்பார்கள். அதனால்தான் 310ஐப் பார்த்ததும் சிவப்பு எழுத்து. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், துடிப்பைக் காட்டும் இசிஜி இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் அந்தச் சிவப்புக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

வால்வின் நிலையை எக்கோதான் சொல்லும். நல்ல வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1 சதுர சென்டிமீட்டராகக் குறைந்தாலோ, ரத்தம் பாயும் வேகம் விநாடிக்கு 4 மீட்டரை எட்டினாலோ தீவிரம் என்பார்கள். சராசரியாக அந்த வேகம் ஆண்டுக்கு 0.3 மீட்டர் அளவுக்குக் கூடும். ஆனால் ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். ஆகவே உங்கள் அப்பாவின் பழைய எக்கோ ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் கிடந்தால் தேடி எடுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு எக்கோக்கள், எந்த ரத்தப் பரிசோதனையையும்விட அவருடைய நோயின் வேகத்தைத் தெளிவாகக் காட்டும். நடுத்தரச் சுருக்கத்துக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பது வழக்கம்.

என்டி-புரோ பிஎன்பியின் பயன் எங்கே என்றால், நோயாளி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் இடத்தில். எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கி வரும் அம்மா, முதல் மாடித் திருப்பத்தில் பையை இறக்கி வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எதிர் வீட்டு மாமியிடம் பேச்சுக் கொடுப்பார். பேச்சு நீண்டுகொண்டே போகும். மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார், கேட்டால் வெயில் என்பார். டாக்டர் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டபோது, “நன்றாக இருக்கிறேன் டாக்டர், இவள்தான் பயப்படுகிறாள்” என்றார். எக்கோவில் சுருக்கம் தீவிரம். என்டி-புரோ பிஎன்பி அவர் வயதுக்குரிய அளவைப்போல் நான்கு மடங்கைத் தாண்டியிருந்தது. மறுபடி எடுத்தபோதும் அதேதான். சிறுநீரகமும் துடிப்பும் சரியாகவே இருந்தன. டாக்டர் தன் மேற்பார்வையில் ட்ரெட்மில்லில் நடக்க வைத்தார். சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கியது, ஏற வேண்டிய ரத்த அழுத்தம் ஏறவில்லை. அதன் பிறகுதான் தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு பொருத்துவது என்று முடிவானது. (மூச்சுத்திணறல் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத் தீவிரச் சுருக்கத்தில் ட்ரெட்மில் சோதனை ஆபத்து. நீங்களாகப் போய்ச் செய்துகொள்ள வேண்டாம்.) ஐரோப்பிய இதய மருத்துவர்களின் 2021 வழிகாட்டுதலும் தீவிரச் சுருக்கம் இருந்து அறிகுறி இல்லாதவர்களிடம், வேறு காரணம் இன்றி இந்த வகை அளவு வயதுக்குரியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்து மறுபரிசோதனையிலும் உறுதியானால், சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை.

நோய் வேகமாக முற்றுவதோடு நேரடித் தொடர்புள்ள ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. லிப்போபுரோட்டீன்-ஏ, ‘எல்பி லிட்டில் ஏ’ என்று கேட்டு வாங்க வேண்டும். அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 வேறு. கவுன்ட்டரில் இரண்டையும் குழப்பி ரசீது போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், பணம் கட்டும் முன் படித்துப் பாருங்கள். இது பரம்பரையாக வருவது, கெட்ட கொழுப்பின் உறவினர், வால்வில் கால்சியம் படியத் தூண்டுவது. 2013இல் வெளியான மரபணு ஆய்வு இந்தத் தொடர்பை உறுதிப்படுத்தியது. இது அதிகம் உள்ளவர்களுக்கு வால்வு சீக்கிரம் சுருங்கும் வாய்ப்பு கூடுதல். இதைக் குறைப்பதற்கென்றே மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். வழக்கமான கொழுப்பு மாத்திரையால் வால்வு நோய் நிற்காது. 2008இல் வெளிவந்த சீஸ் (SEAS) என்ற ஆய்வில் 1,800க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தும் பலன் இல்லை. மாரடைப்பைத் தடுக்க டாக்டர் அதைக் கொடுத்திருந்தால் நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு. வைட்டமின் கே-2 மாத்திரை வால்வைச் சுத்தம் செய்யும் என்று வாட்ஸ்அப்பில் வரும். 2022இல் அதையும் முறையாகச் சோதித்தார்கள், பலிக்கவில்லை.

மறுபடி என்டி-புரோ பிஎன்பி எடுப்பதானால் அதே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள். பிஎன்பி என்று இதே வகையில் இன்னொரு பரிசோதனையும் உண்டு; ஒருமுறை அது, அடுத்தமுறை என்டி-புரோ பிஎன்பி என்று மாறிவிட்டால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் அது ட்ரோபோனின் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்பாவுக்கு லிப்போபுரோட்டீன்-ஏ அதிகம் என்று வந்தால் நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அப்பாவின் வால்வு பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு அமைந்தது என்று எக்கோவில் எழுதியிருந்தால், பிள்ளைகள் ஒருமுறை எக்கோவும் எடுத்துவிடுவது நல்லது.