பதிவை மறைத்தால் எங்கே முறையிடுவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பேச்சுரிமை இணையத்துக்கும் பொருந்தும் என்று சர்வதேசச் சட்டத்தில் எங்காவது இருக்கிறதா? – வாசகர், விருதுநகர்

இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 19-வது பிரிவு, எந்த ஊடகத்தின் வழியாகவும் எல்லை தாண்டியும் தகவலைத் தேடவும் பெறவும் பகிரவும் உரிமை தருகிறது. வெளியில் உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும் என்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2012-ல் தீர்மானமே போட்டது. உடன்படிக்கையில் இந்தியா 1979-லும் இலங்கை 1980-லும் சேர்ந்தன.

அரசு கட்டுப்பாடு விதிக்கவே கூடாதா என்றால், விதிக்கலாம். அதற்குத் தெளிவான சட்டம் வேண்டும். பிறருடைய உரிமை அல்லது நற்பெயர், தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் இவற்றில் ஒன்றைக் காப்பதற்காக இருக்க வேண்டும். அதற்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. பல ஆணைகள் தடுக்கி விழுவது இந்த மூன்றாவது படியில்தான்.

கேள்வி: ஒரே ஒரு பக்கம் தவறாக இருக்கிறது என்பதற்காக முழுத் தளத்தையும் முடக்கலாமா? – வாசகர், கோவை

கூடாது. துருக்கியில் 2009-ல் இதுதான் நடந்தது. நவீன துருக்கியை நிறுவிய அதாதுர்க்கை அவமதித்ததாக ஒரு பக்கத்தின் மீது வழக்கு. அந்தப் பக்கம், யாரும் தளம் அமைத்துக்கொள்ளக் கூகுள் தரும் கூகுள் சைட்ஸ் சேவையில் இருந்தது. தொழில்நுட்ப ரீதியாக வேறு வழியில்லை என்று கூகுள் சைட்ஸ் மொத்தத்தையும் மூடினார்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முனைவர் பட்ட மாணவரின் ஆய்வுத் தளமும் சேர்ந்து மறைந்தது. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. ரஷ்யாவிலும் ஒரு வழக்கு உண்டு. ஒரு தளத்தின் ஐ.பி. முகவரியை (இணையத்தில் அது இருக்கும் இடத்தின் எண்) அதிகாரிகள் தடுத்தார்கள். அதே முகவரியில் இருந்த, எந்தத் தவறும் செய்யாத இன்னொரு தளமும் முடங்கியது. அதையும் 2020-ல் அதே நீதிமன்றம் கண்டித்தது.

ஏன் இப்படி ஆகிறது? குறைந்த கட்டண ஹோஸ்டிங்கில் (தளங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் சேவை) நூற்றுக்கணக்கான தளங்கள்கூட ஒரே ஐ.பி. முகவரியில் குடியிருக்கும். முகவரியை அடைத்தால் எல்லாருக்கும் கதவு மூடும். பெயரை வைத்துத் தடுத்தாலும் சிக்கல் தீராது: எச்.டி.டி.பி.எஸ். எனும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் இணைய சேவை நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும், எந்தப் பக்கத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியாது. எனவே அவர்கள் கையில் இருப்பது முழுத் தளத்தையும் அடைக்கும் வழிதான். ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் அந்தத் தளத்தை நடத்துபவரிடமே கேட்க வேண்டும். அதைக் கேட்காமலே தளத்தை முடக்கும் ஆணையைத் 'தேவையான அளவு' என்று எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கக் கூடாது.

ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேலே சொன்ன உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு 2011-ல் வெளியிட்ட 34-வது பொதுக் கருத்துரையும் இதையே சொல்கிறது: தடை குறிப்பிட்ட உள்ளடக்கத்தின் மீதுதான் இருக்க வேண்டும்.

கேள்வி: என் பதிவை 'இந்தியாவில் கிடைக்காது' என்று மறைத்துவிட்டார்கள். என்ன செய்வது? – வாசகர், சென்னை

முதலில் பதிவை நீங்களே நீக்கிவிடாதீர்கள், சான்று போய்விடும். செயலியில் முழு முகவரி தெரியாது என்பதால் பிரவுசரில் திறந்து, முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

அடுத்து, மறைத்தது யார் என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த விதிப்படி என்றால், அதன் இந்தியக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியில் போகலாம்.

இணைய உள்ளடக்கத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஏ பிரிவின்படி அரசு ஆணை என்றால் அந்த வழி உதவாது. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்படி ரிட் மனுதான். 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69-ஏ-யை நிலைநிறுத்தியதற்கு ஒரு காரணமே, காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அதை ரிட் மனுவில் எதிர்க்கலாம் என்பது. பெரிய இடைஞ்சல், 69-ஏ-க்கான விதிகளில் 16-வது விதி: அது ஆணையை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதனால் ஆணையின் நகலைக் கேட்பதையே மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள். இணையத்தையே நிறுத்தும் ஆணைகள் வெளியிடப்பட வேண்டும் என்று 2020-ல் அனுராதா பாசின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதையும் மேற்கோள் காட்டலாம்.

கேள்வி: நேரே ஐ.நா.வுக்கு எழுதலாமா? – வாசகர், யாழ்ப்பாணம்

இரண்டு வாசல்கள். மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையீடு செய்ய நாடு, உடன்படிக்கையின் துணை ஒப்பந்தமான முதலாம் விருப்ப நெறிமுறையை ஏற்றிருக்க வேண்டும். இந்தியா ஏற்கவில்லை. இலங்கை 1997-ல் ஏற்றது. ஆனால் 2006-ல் நாட்டின் தலைமை நீதிமன்றம் அந்த ஏற்பு அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றது. எனவே குழு உங்களுக்குச் சாதகமாகச் சொன்னாலும் உள்நாட்டில் அதைச் செயல்படுத்த வைப்பது கடினம். தவிர, உள்நாட்டு நீதிமன்ற வழிகளை முதலில் முடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசல், கருத்துச் சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் என்ற தனி நிபுணர். அவருக்கு எழுத இந்த நிபந்தனைகள் இல்லை. யார், எப்போது, எங்கே, எந்த அதிகாரி, எந்தச் சட்டப்பிரிவு என்று வரிசையாக எழுதுங்கள். ஆவேச வரிகளைவிட ஆணையின் நகல் அதிகம் பேசும். அவர் புகாரை எடுத்துக்கொண்டால் அரசுக்குக் கடிதம் போகும்; பொதுவாக 60 நாட்கள் கழித்துக் கடிதமும் வந்த பதிலும் பொதுவில் வெளியாகும். படிவத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை அரசுக்குத் தெரிவிக்கவும் வெளியிடவும் சம்மதமா என்று தனித்தனியே கேட்பார்கள். இன்னொருவருக்காக எழுதுகிறீர்கள் என்றால் அவரிடம் கேட்காமல் அந்தக் கட்டங்களை நிரப்பாதீர்கள்.