கணினி கேள்வி-பதில்: அந்த டிக்கை எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் டீமில் ஆளாளுக்கு எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைக்கிறோம். எந்த மாற்றம் யாருடையது என்றே தெரிவதில்லை. அதனால் விஷுவல் ஸ்டுடியோவில் டேட்டாபேஸ் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கினேன். கஸ்டமர் டேபிளில் 'நேம்' என்ற ஃபீல்டை அழித்து 'ஃபுல்நேம்' என்று டைப் செய்து, மாற்றத்தைச் சர்வருக்கு அனுப்பும் பப்ளிஷைக் கொடுத்தால், டேட்டா இழப்பு ஏற்படலாம் என்று நின்றுவிடுகிறது. அதைத் தடுக்கும் டிக்கை அட்வான்ஸ்டு பகுதியில் கண்டுபிடித்துவிட்டேன். எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். உங்கள் கஸ்டமர்களின் பெயர்கள் இன்னும் பிழைத்திருப்பதே அந்த டிக்கின் புண்ணியத்தில்தான்.

டேபிள் கடைசியில் எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் டேட்டாபேஸ் புராஜெக்ட்டில் இருக்கும். அங்கே போய்ச்சேரும் வழி இருக்காது. பில்டு செய்தால் அந்த வடிவத்தையெல்லாம் கட்டிவைத்த டேக்பேக் (dacpac) ஃபைல் வரும். (அதுவும் ஒரு ஜிப்தான், ஆர்வம் இருந்தால் பிரித்துப் பாருங்கள்.) பப்ளிஷ் செய்யும்போது அதைச் சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கான ஸ்கிரிப்ட்டைக் கருவியே எழுதிக்கொள்கிறது. 'நேம்' இல்லை, 'ஃபுல்நேம்' புதிதாக இருக்கிறது. சரி, பழையதை டிராப் செய்வோம் (அதாவது டேட்டாவோடு அழிப்போம்), புதியதைச் சேர்ப்போம். அதற்கு வேறெப்படித் தோன்றும்?

பெயர்தான் மாறியது என்று நீங்கள் சொல்ல வேண்டும். ஃபீல்டை பழைய பெயருக்கே மாற்றிவிட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து ரீஃபாக்டர், ரீநேம் கொடுங்கள். அந்த ஃபீல்டைத் தொடும் வியூ (சேமித்துவைத்த வினவல்), புரொசீஜர்களும் (சர்வரில் சேமித்த நிரல்கள்) சேர்ந்தே மாறும். இந்தப் பெயர் மாற்றத்தைக் குறித்துவைக்கும் ரீஃபாக்டர்லாக் என்று ஒரு ஃபைல் உருவாகும். அதையும் மறக்காமல் மற்ற ஃபைல்களோடு கமிட் செய்து டீமின் பொதுக் களஞ்சியத்தில் சேருங்கள். அது இல்லாத மெஷினிலிருந்து பப்ளிஷ் செய்தால் மறுபடி டிராப்தான்.

முன்கூட்டி ஓடும் ப்ரீ-டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட்டில் ரீநேம் எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். அந்த ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன்பே ஒப்பீடு முடிந்து திட்டம் தயாராகியிருக்கும். மாற்றங்கள் முடிந்தபின் ஓடும் போஸ்ட்-டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட் வேறு விஷயம்: ஒவ்வொரு பப்ளிஷிலும் ஓடும் என்பதால் அங்கே வரிகளைச் சேர்க்கும் வெறும் இன்ஸர்ட் எழுதாமல், ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் சேர்க்கும்படி எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புராஜெக்ட்டில் இல்லாத டேபிள்களை பப்ளிஷ் வழக்கமாகத் தொடாது. ஆனால் புராஜெக்ட்டில் இருக்கும் டேபிளில் உங்கள் சகா ஒருவர் நேரடியாகச் சேர்த்த ஃபீல்டு அப்படித் தப்பாது; டேபிளில் டேட்டா இருந்தால் அந்த டிக் தடுக்கும், காலியாக இருந்தால் போனதுதான். அவர் சர்வரிலேயே திருத்திய புரொசீஜர் இன்னும் மோசம். அதில் இழக்க டேட்டா எதுவும் இல்லையே, அதனால் சத்தமே இல்லாமல் பழைய வடிவம் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். ஆகவே பப்ளிஷுக்கு முன் புராஜெக்ட்டையும் சர்வரையும் ஒப்பிட்டுக் காட்டும் ஸ்கீமா கம்பேர் ஓட்டி, சர்வரில் மட்டும் இருப்பதையெல்லாம் புராஜெக்ட்டுக்குள் கொண்டுவாருங்கள். அதன்பின் டேபிளை மாற்றும் உரிமையை எல்லோரிடமிருந்தும் வாங்கிவிடுங்கள், உங்களிடமிருந்தும்தான். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

நான் பப்ளிஷ் பட்டனை நேராக அழுத்துவதில்லை. பக்கத்திலிருக்கும் ஜெனரேட் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்து, வருவதில் 'டிராப்' என்ற சொல்லைத் தேடுவேன். நீங்களும் ரீநேம் செய்தபின் அப்படித் தேடிப் பாருங்கள். அந்த ஃபீல்டுக்கு டிராப் இருக்கக் கூடாது, பெயரை மட்டும் மாற்றும் எஸ்பி_ரீநேம் (sp_rename) இருக்க வேண்டும்.