வேலிக்கு இரு புறமும் யானைகள்

கேள்வி: அரசுக்குச் சொந்தமான வனவிலங்குச் சரணாலயங்களையும் பாதுகாக்கப்பட்ட வாழிடங்களையும் பல துறைகள் சேர்ந்து நிர்வகிப்பதில் ஏன் இவ்வளவு சிக்கல்? அமெரிக்காவில் ஒரே அமைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதாமே, நம் பக்கத்தில் அப்படிச் செய்ய முடியாதா?

நான் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். பிரதேச செயலகமொன்றின் காணிப் பிரிவில் எழுதுவினைஞராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். வனவிலங்கு அதிகாரியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த அதிகாரிகளும் மற்றத் திணைக்களத்தாரும் கூடிய கூட்டங்களின் அறிக்கைகளை எழுதியவன் என்பதாலும், எங்கள் குடும்ப வயல் யானை இறங்கும் வட்டையில், அதாவது வயல்வெளியில், இருப்பதாலும், இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவில் தொடங்கிய வனவிலங்குப் புகலிடங்கள் இன்று 560க்கு மேல் பெருகி, மீன் மற்றும் வனவிலங்குச் சேவை என்ற ஒரே அமைப்பின் கீழ் இருக்கின்றன. ஆனால் தேசிய பூங்காக்களுக்கு அங்கே வேறோர் அமைப்பு, தேசிய காடுகளுக்கு இன்னோர் அமைப்பு. அங்கிருந்து கற்றுக்கொள்ளத்தக்கதாக எனக்குப் படுவது, 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு புகலிடத்துக்கும் ஒரு விரிவான திட்டம் எழுதப்பட வேண்டும், அது 15 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது திருத்தப்பட வேண்டும், அதை எழுதும்போது மாநில அமைப்புகளையும் பக்கத்துக் காணிக்காரரையும் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கியதுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். தேசிய பூங்காக்களும் சரணாலயங்களும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியவை. அதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய இன்னொரு சட்டத்தின்படி ஒதுக்குக்காடுகள் வனத் திணைக்களத்தின் கையில். குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டத்தின் வலயத்துக்குள் வரும் காணி மகாவலி அதிகாரசபைக்கு. கடலோரக் கண்டல் (அலையாத்தி) காட்டில் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் ஒரு சொல் உண்டு. இவற்றில் சேராத எஞ்சிய காடுகளை 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது, 2020இல் அது நீக்கப்பட்டு அவை மீண்டும் பிரதேச, மாவட்டச் செயலகங்களின் பக்கம் வந்தன. அந்த மாற்றங்களின்போது எங்கள் கந்தோரில் (அலுவலகத்தில்) இடம்மாறிய கோப்புகளின் தூசு இன்னும் என் மூக்கில் இருக்கிறது. காட்டில் ஒரு மரமும் இடம்மாறவில்லை.

இந்தப் பிரிவினையின் விலையை யானை வேலியில்தான் தெளிவாகக் காணலாம். வனஜீவராசிகள் திணைக்களம் தன் பூங்காவின் எல்லையில் மின்வேலி போடுகிறது. அது இயல்பு, ஏனென்றால் அதன் அதிகாரம் அங்கே முடிகிறது. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே பல இடங்களில் ஊர் இல்லை, வனத் திணைக்களத்தின் காடுதான் இருக்கிறது. அக்காட்டிலும் யானைகள் வாழ்கின்றன. ஆகவே வேலி காட்டையும் வயலையும் பிரிக்காமல் இரண்டு திணைக்களங்களைப் பிரித்து நிற்க, இரு புறமும் யானைகள் நின்று பார்க்கின்றன. இலங்கையில் யானைகள் நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதர்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். 'யானைகளைப் பூங்காவுக்குள் விரட்டிவிட்டால் போதும்' என்ற பேச்சு எவ்வளவு வெறுமையானது என்பதை அந்த ஓர் எண்ணே காட்டும். 2023இல் மட்டும் நாடு முழுவதும் 470க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டுபோனார்கள்.

எங்கள் வட்டைக்கு மேற்கேயும் அப்படியொரு வேலி இருந்தது. மாரி மழைக்குப் பின் கம்பியின் கீழ்ப் புல் வளர்ந்து கம்பியைத் தொட, மின்சாரம் கசிந்து வேலி செத்துக் கிடந்தது. புல்லை யார் வெட்டுவது என்று ஒரு கூட்டம் கூடியது. வேலியைப் போட்ட திணைக்களம் தன்னிடம் ஆள் இல்லை என்றது. காணிக்குரிய திணைக்களம் வேலி தன்னுடையதில்லை என்றது. எங்கள் செயலகத்திடம் அதற்குப் பணமில்லை. 'சம்பந்தப்பட்ட திணைக்களங்கள் உரிய நடவடிக்கை எடுக்கும்' என்று நான் அறிக்கையில் எழுதினேன். அந்த வாக்கியத்தை என் வாழ்நாளில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெரும்போகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) ஒரு தனியன் யானை வேலிக்கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு வந்து எங்கள் வயலில் முக்கால் ஏக்கர் கதிரைத் தின்றும் மிதித்தும் போயிற்று. காவல் பரணில் இருந்த என் மைத்துனர் கையிலிருந்த யானை வெடியைக் கொளுத்தியும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

அம்பாறைப் பக்கம் இந்தச் சிக்கல் தண்ணீரோடு சேர்ந்து வருகிறது. 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்கா, சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தின் நீரேந்து பகுதியைக் காப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கீழே ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல் அந்த நீரை நம்பி விளைகிறது. லகுகலைப் பூங்காவோ மொத்தம் 1,554 ஹெக்டயர்தான், அதை ஊடறுத்துப் பொத்துவில் வீதியும் போகிறது. ஆனாலும் வறட்சிக் காலத்தில் குளங்களில் செழிக்கும் பேரு புல்லுக்காகத் தொலைவிலிருந்தெல்லாம் யானைகள் அங்கே கூடும். அவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு யானைக் கூட்டம் ஆண்டு முழுவதும் வாழ முடியாது. அவை வந்துபோகும் வழி அடைபட்டால், பூங்காவை எவ்வளவு செம்மையாக நிர்வகித்தாலும் பயனில்லை. வழியோ பூங்காப் பொறுப்பாளரின் கையில் இல்லை. தேசிய ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்ய வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. யானை ஒரு மைலோடு நின்றுவிடுவதில்லை.

அப்படியானால் ஒருங்கிணைப்பு நடக்கவே நடக்காதா என்றால், நடக்கும். ஆண்டுதோறும் நடப்பதை நானே நடந்து பார்த்திருக்கிறேன். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்களுக்காக உகந்தை முருகன் கோயிலருகே குமண தேசிய பூங்காவின் காட்டுப்பாதை ஏறத்தாழ இரண்டு வாரம் திறக்கப்படுகிறது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே குமணதான். அம்பாறை, மொனராகலை என்று இரண்டு மாவட்ட நிர்வாகங்கள், வனஜீவராசிகள் திணைக்களம், படையினர், பொலிஸ், சுகாதாரத் துறை, உள்ளூராட்சி மன்றங்கள், ஆலய நிர்வாகம் எல்லாரும் ஒரு மேசையில் அமர்ந்து திறக்கும் நாள், மூடும் நாள், எந்த இடத்தில் எவர் தண்ணீர் வைப்பது என்றெல்லாம் முடிவெடுக்கிறார்கள். வாகூரவட்டையில் தங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை வழியாக ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். குறைகள் உண்டு, திகதி பற்றிய சச்சரவும், வழியில் எறியப்படும் பிளாஸ்டிக் போத்தல்களும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் பாதை திறக்கிறது, மூடுகிறது. கதிர்காமத் திருவிழாவின் கொடியேற்றத் திகதியை எந்தத் திணைக்களமும் தள்ளிவைக்க முடியாது என்பதும், தண்ணீர் பவுசர் (தாங்கி வண்டி) வராவிட்டால் யாரைக் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும் என்பதும்தான் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே எல்லாத் திணைக்களங்களையும் ஒன்றாக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அதற்குச் சட்டம் திருத்தவே ஒரு தலைமுறை போய்விடும். முதலில் எல்லாரும் ஒரே வரைபடத்தைப் பார்க்கட்டும். எங்கள் கூட்டமொன்றில் மூன்று திணைக்களங்கள் மூன்று வரைபடங்களைக் கொண்டுவந்தன, ஒன்றில் எங்கள் வயலே காடாக இருந்தது. அதன்பின், குளம் திறக்கும் நாள், விதைப்பு, அறுவடை, பெரும்போகக் கால மேய்ச்சலுக்கு மாட்டுப் பட்டிகள் இடம்மாறும் காலம், யானைகள் நகரும் காலம் ஆகியவை ஒரே நாட்காட்டியில் எழுதப்படட்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதவியின் பெயரும் ஒரு திகதியும் இருக்கட்டும். 'சம்பந்தப்பட்ட திணைக்களங்கள்' என்ற சொல்லை அறிக்கைகளில் தடைசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்தச் சொல்லை எழுதியவனே இதைச் சொல்கிறேன்.

வேலியையும் திணைக்கள எல்லையிலிருந்து எடுத்து, காக்க வேண்டிய ஊரையும் வயலையும் சுற்றிப் போட வேண்டும். வடமேற்கே கல்கமுவப் பக்கத்தில் விவசாயிகள் விதைப்போடு மின்வேலியை நட்டுத் தாங்களே பராமரித்து, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அதன்பின் யானைகள் வந்து தாளடியை (அறுத்த வயலின் அடித்தாளை) மேய்ந்து போகின்றன. மனித-யானை மோதலைத் தணிக்க 2020இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்திட்டமும் இதையே பரிந்துரைத்தது. எங்கள் வட்டையில் இதைப் பேசியபோது வயல், நீர் வேலைகளை மேற்பார்க்கும் வயது முதிர்ந்த வட்டவிதானையார் ஒருவர், புல்லை யார் வெட்டுவது என்று கேட்டார். அவரவர் வரம்போடு ஒட்டிய துண்டை அவரவர் வெட்டுவது என்று பத்து நிமிடத்தில் முடிவாயிற்று.